தொட்டு வாசிக்கச் சொன்னவள் நான்

என் மகன் சென்னையிலிருந்து எனக்குப் போனில் பாடம் நடத்துவான். பாடம் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அம்மா, மேல மூணு புள்ளி தெரியும் பாருங்க, அதை அமுக்குங்க." எந்த மேலே? இடது பக்கமா, வலது பக்கமா? புள்ளி குறுக்கே இருக்குமா, நெடுக்கே இருக்குமா? இதையெல்லாம் கேட்டால் துரைக்குக் கோபம் வந்துவிடும். "ஐயோ அம்மா, இதுகூடவா தெரியல?" என்பான். இந்தப் பயலை 'அ' எழுத வைக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும். மூன்று மாதம் 'அ'வைக் கவிழ்த்துப் போட்ட பானை மாதிரி எழுதிக்கொண்டு திரிந்தான். ஒருநாளாவது "இதுகூடவா தெரியல" என்று கேட்டிருப்பேனா? இரண்டு அடி போட்டிருப்பேன், அது வேறு விஷயம்.

நான் பாம்பனில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வரிசை உண்டு. முதலில் மணலில், பிறகு சிலேட்டில், பிறகு நோட்டில். நேர்கோடாக வருகிற 'ட', 'ப' எல்லாம் முதலில். சுழித்து வளைகிற 'இ', 'ஞ' எல்லாம் பிறகு. பிள்ளை தப்பாக எழுதினால் எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதும். அந்தத் தப்பால் யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. நூறு தடவை தப்பாக எழுத இடம் கொடுத்த பிறகுதான் பரீட்சை என்று ஒன்று வைப்போம்.

இந்தப் போனுக்கு அரிச்சுவடி எங்கே? சிலேட்டு எங்கே? எடுத்த எடுப்பிலேயே பரீட்சை. ரேஷன் அட்டையில் பேர் சேர்ப்பதானாலும், பிள்ளைக்குச் சாதிச் சான்று வாங்குவதானாலும், முதன்முதலாகக் கை வைக்கிற இடமே நிஜமான இடம். தப்பினால் தப்பியதுதான். தெரிந்தவர்களாவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. "குடுங்க இங்க" என்று பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டால், அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு என்கிற ஒரு பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பக்கத்து வீட்டில் இருப்பவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வந்த முறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது அவள் தொழில். பாசி பாறையோடு இறுக்கி ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கும்போது விரல் கிழியாமலிருக்கப் பழந்துணியைக் கிழித்துப் பத்து விரலிலும் சுற்றிக்கொண்டுதான் பெண்கள் இறங்குவார்கள். அப்படியும் கிழியும். கிழிந்து கிழிந்து ஆறி, மதினியின் விரல் நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனையும் அவரோடு மீன்பிடிக்கப் போன நாலு பேரையும் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கரையில் பிடித்துவைத்துவிட்டார்கள். சிறையிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. மதினிக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது. இடுப்பில் பிள்ளையோடு டீக்கடைக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரிசு. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதையெல்லாம் கடையில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் கேட்டார்கள். ஒருத்தன் சிரித்தும் விட்டான்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டகையில், பாசி எடுத்துத் திரும்புகிற பெண்களுக்கு மத்தியான வேளையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கடுதாசி வந்த மறுநாளே மதினி வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "இனிமே எனக்கு வாரத நாந்தான் வாசிக்கணும் டீச்சர். இன்னொருத்தன் வாயில அது வரக் கூடாது" என்றாள்.

அந்தப் பெண்களுக்கு வாசிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. உப்புத் தண்ணீருக்குள் காலையிலிருந்து கிடந்துவிட்டு வருகிறவர்கள். கண் சிவந்து எரியும். எழுத்தெல்லாம் நீந்துது டீச்சர் என்பார்கள். ஒரு வரி முடித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் இடம் தவறிப்போகும். நான்தான் ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு வாசியுங்கள். தொடாத சொல்லை வாசிக்காதீர்கள், வாசிக்காத சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள். இதுதான் என் கொட்டகையின் சட்டம். விரலில் சுற்றிய துணியோடு தொட்டுத் தொட்டு வாசித்து, புத்தகத்தின் பக்கமெல்லாம் பாசி வாடை அடிக்கும்.

மதினி ஆறு மாதத்தில் வாசித்தாள். அவளாகவே வாசித்த முதல் கடுதாசியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "அது எனக்கு எழுதுனதாச்சே டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த பெருமை, எனக்கு அரசு வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லை. புருஷன் விடுதலையாகி வந்த பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கரண்டு ஆபீஸ் காகிதமோ, ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதமோ, எதுவானாலும் உட்கார்ந்து கடைசி வரிவரைக்கும் தொட்டு வாசித்த பிறகுதான் பேனாவை வாங்குவாள். டாக்டரே நின்றாலும் சரி, நிற்கட்டும்.

மதினிக்குக் கடைக்குட்டியாக ஒரு மகள். மூத்தவர்கள் இரண்டு பேரும் பத்தாவதோடு இறால் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நாளெல்லாம் ஐஸில் கையை வைத்து இறால் உரிக்கிற வேலை. இவள் மட்டும் பிடிவாதமாகப் படித்து, இந்த வருடம் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். மதுரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவளுக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. தனியார் கல்லூரிக்கெல்லாம் அந்த வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இது கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் அக்காமாரோடு கம்பெனி வேன். மூன்று நாளுக்குள் இணையத்தில் போய் அந்த இடத்தை ஏற்றுக்கொள்வதாகப் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதானுக்குள் எத்தனை வினை! உள்ளே நுழைய ஓடிபி எண் வேண்டும். அது பெற்றோர் நம்பருக்குத்தான் வரும். பெற்றோர் நம்பர் என்பது மதினியின் புருஷன் கையில் இருக்கிற போன். அவரோ போனோடு கடலில் இருக்கிறார். அங்கன டவர் எப்பவாவதுதான் எடுக்கும். முதல் நாள் ஓடிபி கடலுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் அவர் கரையில் இருந்தார், ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் பக்கம் திறக்காமல் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு. அன்றைக்கு மனுஷன் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். இப்போதெல்லாம் யாரும் செய்யாத காரியம் அது. காற்று எழுந்தால், எஞ்சின் நின்றால் யாரையும் கூப்பிட முடியாது. மதினிக்கு அன்றைக்கு முழுக்க அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

அன்றும் மத்தியானம்வரை அந்த வட்டம்தான் சுற்றியது. மூன்று மணிக்குத் தாயும் மகளும் இரண்டு போனோடு என் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர் பக்கத்துல இருக்கட்டும்" என்று மதினிதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மகள் தன் போனில் எதையெதையோ தட்டி, அப்பன் போனில் வந்த எண்ணைப் பார்த்துப் போட்டு உள்ளே போனாள். அமுக்கப்போகிற நேரத்தில் மதினி கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லு. என்ன எழுதியிருக்குன்னு நான் வாசிக்கணும்."

"அம்மா, ஒன்னுமில்லம்மா. ஏற்கிறேன்னு ஒரு பட்டன். அமுக்குனா முடிஞ்சிரும்."

"என் பிள்ளைய ஒரு ஊருக்கு அனுப்புறேன். என்ன ஏதுன்னு வாசிக்காம அனுப்புவேனா? தமிழ்ல வருமா?"

மகள் என்னைப் பார்த்தாள், அத்தை நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற மாதிரி. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளைக்குத் தெரியும் மதினி, விடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் தலைகால் புரியாத சந்தோஷம். எத்தனை நாளாக இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிக்காமல் தட்டுகிறதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். இதோ, என் கொட்டகையில் படித்தவள் ஒருத்தி வாசிக்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "தமிழுக்கு மாத்திக் குடும்மா. அம்மா வாசிக்கட்டும்" என்று அதிகாரமாகச் சொன்னேன்.

முதல் தடவை மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டாள், மதினி எட்டிப் பார்த்து வாசித்தாள். விதிமுறைகள் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். பாதி வாசிப்பதற்குள், நேரம் முடிந்துவிட்டது, மறுபடியும் உள்ளே வாருங்கள் என்று வெளியே தள்ளிவிட்டது. புத்தகம் என்றைக்காவது வாசிக்கிறவளைப் பார்த்து உன் நேரம் முடிந்தது, எழுந்து போ என்று சொல்லியிருக்கிறதா? மறுபடி ஓடிபி, மறுபடி காத்திருப்பு. உள்ளே போய்ச் சேரும்போது மணி நான்கு ஆகிவிட்டது.

"அத்தை, நேரம் போயிரும். நானே அமுக்கிர்றேனே" என்றாள் மகள்.

"ஒரு மணி நேரம் இருக்குல்ல? பதறாத. வச்சிட்டுப் போய்த் தண்ணி குடி" என்று அதட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மதினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வேகமாக வாசிக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டு வாசித்தாள். மாணவியின் பெயர், கல்லூரி, பாடப்பிரிவு என்று ஒவ்வொன்றாகத் தடுக்காமல் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் வாசிக்கிற அழகைக் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஆகியும் என் பாடம் மறக்கவில்லை பார் என்று மனசுக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

பிறகு அவள் சொல்லித்தான் நடந்தது எனக்குப் புரிந்தது. "ஒதுக்கீட்டை ஏற்கிறேன்" என்பதைத்தான் முதலில் தொட்டிருக்கிறாள். பாசி பிய்த்துக் காய்த்துப்போன அந்த விரலைப் போன் உணரவே இல்லை. பக்கம் அசையவில்லை, அவளும் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். "ஒதுக்கீட்டை மறுக்கிறேன்." அதைக் கொஞ்சம் அழுத்தித் தொட்டிருக்கிறாள். அதை மட்டும் அந்தப் பாழாய்ப்போன போன் பிடித்துக்கொண்டது. புதிதாக ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதுவும் வாசிக்க வேண்டியதுதானே என்று அதையும் வாசித்தாள்.

"நீங்கள் உறுதியாக மறுக்கிறீர்களா? ஆம்."

காதில் விழுந்ததும், "மதினி, கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அவள் விரல் "ஆம்" மேல் பட்டுவிட்டது. அடுத்து வந்ததையும் அவளே வாசித்தாள், ஓர் எழுத்துத் தப்பாமல்.

"உங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது. நன்றி."

வாசித்து முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்ன டீச்சர், மறுப்புன்னு போட்டிருக்கு? நான் ஒன்னும் செய்யலையே. வாசிக்கத்தான செஞ்சேன்?"

மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து போனைப் பறித்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தாயை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "இது ஒங்க வகுப்பு இல்ல அத்தை" என்றாள். போனோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே மாணவர் சேர்க்கைக்கு உதவி மையம் ஒன்று இருக்கிறது. மதினி விடிந்ததும் உட்கார்ந்து ஒரு மனு எழுதி வைத்திருந்தாள். அனுப்புநர், பெறுநர், ஐயா என்று முறையாக, கோடு போடாத தாளில் கோணாமல் எழுதியிருந்தாள். என் மகளின் இடத்தை நான் மறுக்கவில்லை, வாசிக்கும்போது கை பட்டுவிட்டது, தயவுசெய்து மன்னித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அவ்வளவு நல்ல மனுவை நான் பள்ளிக்கூடத்துக்குக்கூட எழுதியதில்லை.

மையத்தில் இருந்தது ஓர் இளம்பெண். எரிந்து விழுகிறவள் இல்லை. மனுவை முழுக்க வாசித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ரெண்டு தடவ கேட்டிருக்கும்மா. ரெண்டு தடவையும் மறுக்கிறேன்னுதான் அமுக்கியிருக்கீங்க. அந்த சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருச்சு. இனி இந்த வருஷம் ஒன்னும் செய்ய முடியாது."

"அமுக்கல தாயி. தொட்டேன். வாசிக்கிறதுக்குத் தொட்டேன்."

"தொட்டாலும் அதுக்கு ஒன்னுதான்மா."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். வாசிக்கத் தெரிந்தவள் வாசித்தது குற்றமா? வாசிக்காமல் தட்டியிருந்தால் இடம் கிடைத்திருக்கும், வாசித்ததால் போய்விட்டதா? இதைச் செய்தவன் எவனாவது விரல் வைத்துப் படிக்கிற ஒரு மனுஷியை ஆயுளில் பார்த்திருக்கிறானா? அந்தப் பெண் பாவம், என் கத்தலை முழுக்க வாங்கிக்கொண்டாள். கடைசியில், "அம்மா, இந்தப் பேப்பர வாங்கி நான் எங்கன வைக்க? குறை இருந்தா இணையத்துல பதிவு பண்ணுங்க" என்று ஒரு சீட்டில் முகவரி எழுதி நீட்டினாள். முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாங்கவில்லை. மகள்தான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் போடுறேன்மா. வா, போவோம்" என்றாள். அடுத்த வருஷம்வரை அவள் எங்கே போகப்போகிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கம்பெனி வேன் காலையில் ஆறு மணிக்கு எங்கள் தெருமுனைக்கு வரும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். மகள் தள்ளிப் போய் ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பஸ் வந்து எங்களுக்கு எதிரிலேயே நின்றது. முன்னால் கொட்டை எழுத்தில் இராமேஸ்வரம் என்றும், அதற்குக் கீழே வழி பாம்பன் என்றும் எழுதியிருந்தது. மதினி அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஒரு கிழவியிடம் கேட்டாள்.

"இது பாம்பன் போகுமாக்கா?"

"எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. கண்டக்டர் வரட்டும், கேப்போம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "என்ன மதினி இது? கண்ணு முன்னால அம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன்.

மதினி பலகையை அண்ணாந்து பார்த்தாள். கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"வாசிச்சேன் டீச்சர்" என்றாள். "நான் வாசிச்சது சரிதான்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லட்டும்."

சொல்லிவிட்டு, அந்தக் கிழவிக்குப் பக்கத்திலேயே கண்டக்டருக்காகக் காத்து நின்றாள்.